காற்றின் சேறு, மழையின் சேறு

தமிழில் பருவக்காற்று வேறு, பருவமழை வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘மான்சூன்’ என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. பருவம் என்று பொருள்படும் ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லின் வழியே வந்தது அது. அரபிக்கடலில் பாய்மரம் விரித்த மாலுமிக்குக் காற்று எப்போது திசை மாறும் என்ற கவலை; நாற்றங்காலோடு காத்திருக்கும் உழவருக்கு மழை எப்போது இறங்கும் என்ற கவலை. இரண்டையும் நாம் தனித்தனிச் சொற்களில் வைத்திருப்பது, கடலடிச் சேற்றைப் படிக்கும்போது எதிர்பாராத விதத்தில் கைகொடுக்கிறது. இந்தியாவின் இரு பக்கக் கடல்களும் இரண்டு கணக்குகளை எழுதி வைத்திருக்கின்றன. மேற்கே அரபிக்கடலின் சேற்றில் பெரும்பாலும் பதிந்திருப்பது காற்று. கிழக்கே வங்காள விரிகுடாவின் சேற்றில் பதிந்திருப்பது மழை, அதிலும் ஆறுகளில் இறங்கி வந்து சேர்ந்த மழை. பழங்காலப் பருவமழை பற்றிய ஆய்வுச் செய்தி எதைப் படித்தாலும், ‘இது எந்தச் சேறு சொன்ன கதை?’ என்று முதலில் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கேட்காமல் விட்டதால் இந்தத் துறையில் நேர்ந்த குழப்பங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேற்றைத் தேடிப் போவதற்குக் காரணம், மழைமானிகளின் வயது குறைவு. நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது 1792-இல். இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது 1875-இல். எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் இருநூறு ஆண்டுச் சொச்சம்தான் அளந்த கணக்கு. பருவமழை எவ்வளவு தூரம் மாறக்கூடியது, எத்தனை வேகமாக மாறக்கூடியது என்பதை இந்தச் சிறு துண்டை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த நூற்றாண்டின் மழையைக் கணிக்கும் கணினி மாதிரிகளை உரசிப் பார்க்கவும் இது போதாது.

கடலின் அடியில் வண்டல் மெதுவாகப் படிகிறது. கரையிலிருந்து வெகு தொலைவில் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர். ஆறுகள் கலக்கும் பகுதிகளுக்கு அருகே அதைவிடப் பல மடங்கு. கப்பலிலிருந்து கனமான எஃகுக் குழாயைக் கம்பிவடத்தில் இறக்கினால், அது தன் எடையாலேயே அடித்தரையில் குத்தி இறங்கி, சில மீட்டர் நீளமுள்ள சேற்றுத் தூணைத் தனக்குள் பிடித்துக்கொண்டு மேலே வரும். இந்திய ஆய்வுக் கட்டுரைகளில் ‘எஸ்கே’ என்று தொடங்கும் மாதிரி எண்கள் அடிக்கடி கண்ணில் படும். அது 1983-இல் பணிக்கு வந்த ‘சாகர் கன்யா’ கப்பலின் பெயர்ச்சுருக்கம். அடுத்து வருவது பயணத்தின் எண். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டுமென்றால் துளையிடும் கப்பல் தேவை. ‘ஜாய்டிஸ் ரெசொல்யூஷன்’ என்ற கப்பல் 2014 நவம்பர் முதல் 2015 வரை வங்காள விரிகுடாவிலும், அந்தமான் கடலிலும், அரபிக்கடலிலும், மாலத்தீவுப் பகுதியிலும் அடுத்தடுத்துத் துளையிட்டது. பருவமழை ஆய்வுக்கு அது பொற்காலம். அந்தப் பயணங்களில் கிடைத்த சேற்றுத் தூண்களின் குளிரறை இருப்பது கோச்சியில். நம் கொச்சி இல்லை, ஜப்பானில் உள்ள கோச்சி நகரம்.

தூணை நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியைத் தொடாமல் ஆவணமாகக் காத்து, மறுபாதியிலிருந்து மாதிரி எடுப்பார்கள். பார்வைக்கு அது சாம்பலும் பச்சையும் கலந்த வெறும் களிமண். தண்ணீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் கழுவினால் களி கரைந்து ஓடிவிடும். மணல்போல மிஞ்சுவதில் பெரும்பகுதி ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள். மேல்நீரில் மிதந்து வாழ்ந்து, இறந்தபின் அடித்தரைக்கு இறங்கியவை. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் சிறியவை. நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்து இனம் பிரிக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு முந்நூறு ஓடுகளாவது எண்ணுவது வழக்கம். ஒரு தூணில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் இருக்கும். மாதக்கணக்கில் குனிந்து எண்ணிய கண்கள்தான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் அடித்தளம் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் காற்றின் சேறு. கோடையில் சோமாலியாவின் கரையோரம் விரைந்து வரும் தென்மேற்குக் காற்று, ஓமன் கரைக்கு இணையாக வீசுகிறது. பூமியின் சுழற்சி காரணமாக மேற்பரப்பு நீர் காற்றுக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு, ஒதுங்குகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே எழுகிறது. நிலம் கொதிக்கும் ஜூலை, ஆகஸ்டில் ஓமன் கரைக்கடல் குளிர்ந்து கிடப்பது இதனால்தான். அந்த நீரில் ‘குளோபிஜெரினா புல்லாய்டெஸ்’ என்ற ஃபோராமினிஃபெரா இனம் பெருகுகிறது. துருவங்களை அடுத்த குளிர்கடல்களுக்கு உரிய உயிரி அது. வெப்பமண்டலக் கடலில் அதன் ஓடுகள் குவிந்து கிடந்தால், அங்கே ஆழத்து நீர் மேலே வந்திருக்கிறது என்று பொருள். ஆழத்து நீர் வந்திருந்தால் காற்று வலுத்திருக்கிறது என்று பொருள். 1980-களின் தொடக்கத்தில் வாரன் பிரெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அரபிக்கடல் அடித்தரையின் மேல்வண்டலை ஆராய்ந்து, இந்த இனம் மிகுந்த பகுதியும் நீர் மேலெழும் பகுதியும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காட்டினார்கள்.

அந்தத் திறவுகோலை வைத்துப் பலர் பல கதவுகளைத் திறந்திருக்கிறார்கள். 2003-இல் கரக்பூர் ஐஐடியின் அனில் குப்தாவும் அவருடைய அமெரிக்கக் கூட்டாளிகளும், ஓமனுக்கு அப்பால் எடுத்த தூணில் இந்த ஓடுகளை எண்ணி, கடந்த பத்தாயிரம் ஆண்டுச் சொச்சத்தின் காற்று வரலாற்றை வெளியிட்டார்கள். வட அட்லாண்டிக் குளிர்ந்த கட்டங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அட்லாண்டிக்குக்கும் நம் கடலுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்களுக்குக் கராச்சிக்கு அப்பாலுள்ள சேறு இன்னும் தெளிவாகப் பதில் சொல்கிறது. அரபிக்கடலின் வடபகுதியில், சுமார் 200 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் ஆழம் வரை, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீர்ப்பகுதி ஒன்று இருக்கிறது. மேலே உயிர்கள் கொழித்து, இறந்து, மூழ்கி, மட்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அந்த ஆழத்துச் சரிவில் புழுக்களால் வாழ முடியாது. மற்ற இடங்களில் மேல்வண்டலைத் துளைத்துக் கிளறி, பல நூற்றாண்டுகளை ஒன்றாகக் குழப்பிவிடுபவை இந்தப் புழுக்கள்தான். அவை இல்லாத இடத்தில் சேறு, புத்தகத்தின் தாள்போல அடுக்கடுக்காக அப்படியே நிலைக்கிறது. 1998-இல் ஹார்ட்முட் ஷுல்ஸ் குழுவினர் இந்தச் சேற்றில் 1,10,000 ஆண்டுக் கதையைப் படித்தார்கள். அடுக்குகள் கலையாத, கரிமம் மிகுந்த கறுத்த சேறு கிரீன்லாந்து பனிப்பாறையில் பதிவான வெப்பக் கட்டங்களோடு சேர்ந்து வந்தது. கிளறப்பட்ட வெளிர் சேறு அதன் குளிர்க் கட்டங்களோடு. வட அட்லாண்டிக் குளிரும்போது மழை தரும் மேகப்பட்டை தெற்கே தள்ளிப்போகிறது, ஆசியாவின் கோடைக்காற்று வலுவிழக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த மாற்றங்களில் சில ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே நடந்து முடிந்தவை.

இனி மழையின் சேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் கடல் வங்காள விரிகுடா. அந்த மண் கடலடியில் மூவாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல விரிந்து கிடக்கிறது. ஆனால் விசிறியின் நடுவே தூண் எடுத்தால் பயன் குறைவு. சேற்றுவெள்ளம் சரிந்து ஓடி, பழையதையும் புதியதையும் புரட்டிப் போட்டிருக்கும். அதனால் கரைச்சரிவையோ, வெள்ளம் ஏற முடியாத கடலடி மேடுகளையோ தேர்ந்தெடுக்கிறார்கள். மகாநதி முகத்துக்கு அப்பால், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் துளையிட்ட யு1446 என்ற இடம் அப்படித் தேர்ந்தது.

இங்கே ஓடுகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வேதியியல்தான் பேசுகிறது. ஆக்சிஜனில் 16 எடையுள்ளதும் உண்டு, அரிதாக 18 எடையுள்ளதும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான 16 எளிதில் எழுந்துவிடுகிறது. மழையாக இறங்கும்போது கனமான 18 முந்திக்கொள்கிறது. அதனால் நிலத்தின் உள்ளே பொழிந்து ஆறாகத் திரும்பும் நீரில் 18 குறைவு. மழை மிகுந்து நன்னீர் கடலில் பரவினால், மேல்நீரில் வாழும் ‘குளோபிஜெரினாய்டெஸ் ரூபர்’ என்ற உயிரியின் ஓட்டிலும் 18 குறைந்திருக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே விகிதத்தை வேறு இரண்டும் மாற்றுகின்றன. நீர் சூடானாலும் ஓட்டில் 18 குறையும். பனியுகத்தில் இலேசான நீர் துருவங்களில் பனிக்கட்டியாகச் சிறைப்பட்டு, உலகக் கடல் முழுவதும் கனத்துப்போகும். சீசர் எமிலியானி 1955-இல் இந்த ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதியை வெப்பநிலை என்று படித்தார். 1967-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் அதில் பெரும்பகுதி பனிக்கட்டியின் அளவு என்று திருத்தினார். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் அழகுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஆகவே மூன்றையும் பிரித்தெடுக்க வேண்டும். வெப்பத்துக்கு ஓட்டிலுள்ள மக்னீசியத்தை அளக்கிறார்கள். நீர் ஒரு டிகிரி சூடானால் கால்சியத்தோடு ஒப்பிட்ட அதன் அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். பனிக்கட்டியின் பங்குக்கு, உலகக் கடல் முழுவதும் அதனால் எவ்வளவு கனத்தது என்று காட்டும் பொது வரைகோட்டைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவது உப்புத்தன்மை, அதிலிருந்து ஆற்றுநீர், அதிலிருந்து மழை. ஒவ்வொரு கழித்தலிலும் பிழை சேர்கிறது என்பதை நல்ல ஆய்வாளர்கள் மறைப்பதில்லை. அதனால்தான் ஒரே தூணில் வேறு சான்றுகளையும் தேடுகிறார்கள். ஆற்றுநீரில் பேரியம் மிகுதி. ஓட்டில் பேரியம் ஏறினால் ஆறு பெருகியிருக்கிறது. இலைகளின் மேல் படியும் மெழுகு மண்ணோடு அடித்துவரப்பட்டுக் கடலடியில் பல்லாயிரம் ஆண்டு அழியாமல் இருக்கும். அதிலுள்ள ஹைட்ரஜன் அந்தச் செடி குடித்த மழைநீரின் முத்திரையைத் தாங்கியிருக்கிறது.

சேற்றுக்கு வயது சொல்வது தனிக் கலை. ஐம்பதாயிரம் ஆண்டு வரை, காலப்போக்கில் சிதைந்து குறையும் ரேடியோகார்பன் உதவும். ஆனால் கடல்நீரே பழைய கார்பனைச் சுமப்பதால், இன்று பிடித்த ஓடுகூட நானூறு ஆண்டுப் பழசுபோலக் காட்டும். நீர் மேலெழும் இடங்களில் இந்தப் பொய் வயது இன்னும் கூடும். ஓமன் கரையில் இதைச் சரியாகத் திருத்தாவிட்டால், அட்லாண்டிக்கோடு ஒப்பிடுவதே வீண். அதற்கும் முந்தைய காலத்துக்கு ஓர் அருமையான அடையாளக்கல் கிடைத்திருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல், வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் ஒரே அடுக்காகப் படிந்தது. இரு கடல்களின் தூண்களையும் அந்த ஒரு கோட்டில் சேர்த்து வைக்கலாம்.

இப்படிச் சேர்த்துப் படித்ததில் தெரியவந்தவற்றுள் அடிப்படையானது இது. பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, இன்றைய பாக் நீரிணை தரையாக இருந்தது. அப்போது தென்மேற்குப் பருவம் நலிந்தும் வடகிழக்குக் காற்று வலுத்தும் இருந்தன என்று ழான்-கிளோத் துப்ளெஸி 1982-இலேயே வட இந்தியப் பெருங்கடலின் ஓடுகளைக் கொண்டு காட்டினார். பின்னர் பனி உருகியது. இடையிடையே அட்லாண்டிக் குளிர்ந்தபோது மழை மீண்டும் தடுமாறியது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சில ஆயிரம் ஆண்டுகள் பருவம் செழித்தது. பூமி சூரியனை மிக நெருங்கும் நாள் இப்போது ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அன்று அது வடகோளத்தின் கோடையில் வந்தது. நிலம் கூடுதலாகச் சூடேறியதும் காற்றும் மழையும் பெருகின. அதன் பிறகு படிப்படியான சரிவு.

அந்தச் சரிவு மனித வரலாற்றின் மேல் விழுகிறது என்பதால்தான் இதைப் பற்றிப் பேசும்போது கவனம் தேவை. 2006-இல் எரிவாயு ஹைட்ரேட் (பனிக்கட்டி போன்ற திடப்பொருளுக்குள் சிறைப்பட்ட எரிவாயு) தேடி இந்தியக் கரைகளில் துளையிட்டபோது, கோதாவரி முகத்துக்கு அப்பால் கிடைத்த ஒரு தூண் பருவமழை ஆய்வுக்கும் வாய்த்தது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில், இலைமெழுகின் கார்பன் தக்காணத்தில் வறட்சி தாங்கும் புல்வகைகள் பெருகியதைக் காட்டியது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு படி, 1,700 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு படி. சிந்து முகத்துக்கு அப்பால் எடுத்த தூணிலோ, 4,200 ஆண்டுகளுக்கு முன் ஆற்றுநீர் சட்டென்று குறைந்ததை மைக்கேல் ஷ்டவ்ப்வாசர் குழு 2003-இல் அறிவித்தது. உடனே ‘பருவமழை பொய்த்தது, ஹரப்பா அழிந்தது’ என்று எளிய வாக்கியம் ஒன்று உலவத் தொடங்கிவிட்டது. ஆனால் சிந்துவுக்குத் தென்மேற்குப் பருவமழை மட்டுமா நீர் தருகிறது? பனியுருகலும் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழையும் அதற்கு உண்டு. 2018-இல் லிவியு ஜியோசான் குழு அதே கரையின் சேற்றிலிருந்த பழைய டிஎன்ஏவைப் படித்து, சுமார் 4,500 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன்வரை குளிர்காலப் பருவம் வலுத்திருந்தது என்றும், மக்கள் இமயமலை அடிவாரத்தின் சிற்றூர்களை நோக்கிப் பெயர்ந்ததற்கு அது துணைநின்றிருக்கலாம் என்றும் வாதிட்டது. கோடை மழை குறைந்தது, குளிர்கால மழை கூடியது, ஊர்கள் இடம் மாறின. இந்தக் கதை ‘அழிந்தது’ என்ற சொல்லுக்குள் அடங்காது.

இப்போது முதலில் சொன்ன குழப்பத்துக்கு வருகிறேன். பூமியின் அச்சு தள்ளாடுவதால் கோடை வெயில் சுமார் 23,000 ஆண்டுக்கு ஒரு சுற்று கூடிக் குறைகிறது. பருவம் அந்த வெயிலைப் பின்தொடர வேண்டும். ஸ்டீவன் கிளெமென்ஸும் பிரெல்லும் அரபிக்கடல் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பருவத்தின் உச்சம் வெயிலின் உச்சத்துக்கு ஏறத்தாழ 8,000 ஆண்டு பின்தங்கி வந்தது. சீனக் குகைகளில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணக்கல் தூண்களில் அந்தத் தாமதம் இரண்டு மூன்று ஆயிரம் ஆண்டுதான். எது சரி என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது, இன்னும் முழுதாக ஓயவில்லை. தமிழில் யோசிக்கும் ஒருவருக்கு ஒரு வழி உடனே தோன்றும்: ஒன்று காற்றின் பதிவு, மற்றது மழைநீரின் பதிவு, அதுவும் வேறு வேறு ஊர்களின் பதிவு. இரண்டும் ஒரே நாளில் உச்சம் தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கே ‘மான்சூன்’ என்ற ஒற்றைச் சொல் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மகாநதிக்கு அப்பாலுள்ள யு1446 தூண் விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்தியிருக்கிறது. 2021-இல் கிளெமென்ஸ் குழு அதிலிருந்து ஒன்பது லட்சம் ஆண்டு மழை வரலாற்றை வெளியிட்டது. வெயிலின் சுற்றைவிட, காற்றிலுள்ள கரியமில வாயு, துருவப் பனிக்கட்டியின் அளவு, தென்கோளத்து இந்தியப் பெருங்கடலிலிருந்து வந்துசேரும் ஈரம் ஆகியவை மழையை ஆட்டியிருக்கின்றன. கரியமில வாயு கூடினால் இந்தியாவின் கோடை மழை கூடும் என்ற மாதிரிகளின் கணிப்போடு இது ஒத்துப்போகிறது.

அதே இடத்தின் சேற்றை வைத்து, 2025-இல் கௌஸ்துப் திருமலை குழு கடந்த 22,000 ஆண்டைப் பார்த்தது. அவர்கள் கேட்டது மீனவர் கேட்கும் கேள்வி: பருவம் மாறினால் கடலில் இரை என்ன ஆகும்? பருவம் மிக நலிந்த சுமார் 17,500 முதல் 15,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டத்திலும், மிக வலுத்த 10,500 முதல் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டத்திலும், மேல்நீரின் உயிர்வளம் கடுமையாகச் சரிந்திருந்தது. மழை பெருகினால் ஆற்றுநீர் இலேசாக மேலே மூடிபோலப் படர்ந்து, அடிநீரின் சத்தை மேலே வரவிடாது. பருவம் நலிந்தால் கடலைக் கலக்கக் காற்றே இல்லை. வங்காள விரிகுடாவின் வளம் காற்றும் மழையும் ஒன்றையொன்று மீறாத இடைப்பட்ட நிலையைச் சார்ந்து நிற்கிறது. அந்தக் கடலை நம்பி வலை வீசும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேலே வந்த ‘பருவம்’ ஏறக்குறைய எல்லாமே தென்மேற்கு. தமிழகத்தின் கிழக்குக் கரைக்கும் இலங்கையின் வடக்குக்கும் கிழக்குக்கும் சோறு போடுவது ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் கொண்டுவரும் மழை. அதன் பழைய கணக்கைச் சேற்றில் படிப்பது மிகக் கடினம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. கங்கையும் மகாநதியும் கோதாவரியும் ஆடி ஆவணியில் கொட்டிய நன்னீர், மழைக்காலத்தில்தான் சென்னைக்கும் நாகைக்கும் முன்னால் வந்து நிற்கிறது. அங்கே வாழ்ந்த ஓட்டில் 18 குறைந்திருந்தால், நாகையில் பெய்ததா அசாமில் பெய்ததா என்று பிரிப்பது எப்படி? காவிரி முகத்துச் சேற்றை எடுக்கலாம் என்றால், காவிரியில் வரும் வெள்ளத்தின் பெரும்பங்கு குடகில் பெய்த தென்மேற்கு மழை.

வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வடகிழக்கு மழைநீரில் கனமான ஆக்சிஜனும் கனமான ஹைட்ரஜனும் தென்மேற்கு மழைநீரைவிடப் பொதுவாகக் குறைவு. அந்த வேறுபாடு இலைமெழுகில் தங்கும். வைப்பாறு போல வடகிழக்குப் பருவத்தை நம்பிப் பாயும் ஆறுகளின் முகத்துக்கு அப்பால் தூண் எடுத்தால், மெழுகோடு வந்த களிமண்ணும் அந்த நிலத்துடையதாகவே இருக்கும். பனியுகத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்ததால், நெடுங்கதை வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாவின் ஆழச் சரிவுக்குப் போக வேண்டும். ஐப்பசியில் நிரம்பும் ஏரிகளின் அடியிலும் இதே மெழுகு படிந்திருக்கும். ஆனால் நல்ல காரணத்துக்காகவே அவற்றை நாம் தலைமுறை தலைமுறையாகத் தூர்வாரி, வண்டலை வயலுக்கு உரமாக இட்டுவிட்டோம். தூர்வாரப்படாத இடம் கடல் ஒன்றுதான்.